வெள்ளத்தைத் தாங்கும் நெல்லும் விவசாயியைத் தாங்காத சர்க்காரும்

2025ம் ஆண்டு மே 4ந் தேதி டெல்லியில் மத்திய விவசாய மந்திரி ஒரு பிரகடனம் செய்தார். ஜீன் என்னும் மரபணுவைத் திருத்தி இரண்டு புதிய நெல் ரகங்களை நமது விஞ்ஞானிகள் உண்டாக்கிவிட்டார்கள், உலகில் வேறெந்த நாடும் இதைச் செய்ததில்லை என்றார். ஹைதராபாத்திலுள்ள இந்திய நெல் ஆராய்ச்சிக் கழகம் சம்பா மசூரியிலிருந்து ஆக்கிய 'கமலா' ஒன்று. டெல்லி பூசா கழகம் எம்.டி.யு. 1010 ரகத்திலிருந்து ஆக்கிய 'பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1' மற்றொன்று. கமலா 19 சதவீதம் கூடுதல் மகசூல் தரும், 20 நாள் முன்னதாகவே அறுவடைக்கு வரும் என்று சர்க்கார் சொல்லிற்று.

பெரிய முதலாளிகளின் பத்திரிகைகள் உடனே எக்காளம் ஊதின. இனிப் பஞ்சமில்லை, பட்டினியில்லை, விவசாயியின் கஷ்டம் தீர்ந்தது என்று எழுதின. இன்னொரு பக்கத்திலிருந்து, ஜீனைத் தொட்டவனெல்லாம் துரோகி, ஆராய்ச்சிச் சாலையிலிருந்து வரும் விதையெல்லாம் விஷம் என்ற கூக்குரலும் எழுந்தது.

இந்த இரண்டு கோஷ்டிகளிலும் நாம் சேர முடியாது. முதல் கோஷ்டி விதையைக் காட்டி நிலம், கடன், விலை, கூலி ஆகிய பிரச்னைகளை மறைக்கிறது. இரண்டாவது கோஷ்டி கம்பெனியின் மேலுள்ள நியாயமான ஆத்திரத்தை விஞ்ஞானத்தின் மேல் திருப்பிவிடுகிறது. உழுது பிழைப்பவனுக்கு இந்த இரண்டினாலும் பிரயோஜனமில்லை. அவன் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. எந்தக் குறையைத் தீர்க்க இந்த ஆராய்ச்சி? செலவு யாருடையது? அறுவடையான நெல்லில் ஒரு மூட்டையை அடுத்த வருஷத்து விதைக்கென்று எடுத்து வைக்க எனக்கு உரிமை உண்டா?

ஒடிசாவின் ஏழை நெல்

கேள்விகளுக்குப் பதில் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. காவிரி டெல்டாவில் சம்பா சாகுபடி செய்கிறவர்களுக்கு 'சி.ஆர். 1009 சப் 1' என்ற ரகம் தெரியும். பழைய சி.ஆர். 1009, அதாவது நம்மவர் பொன்மணி என்று சொல்லும் நெல்தான். கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 'சப் 1' என்ன? அதன் சரித்திரத்தை ஒவ்வொரு விவசாயியும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நெற்பயிர் முழுக்கத் தண்ணீரில் மூழ்கினால், மூச்சு முட்டியவன் தலையை வெளியே நீட்டத் துடிப்பதுபோல், அவசர அவசரமாகத் தண்டை நீட்டுகிறது. கையிருப்பிலுள்ள மாவுச்சத்தையெல்லாம் இந்த ஓட்டத்திலேயே செலவழித்துவிடுகிறது. நாலைந்து நாளில் வெள்ளம் வடிந்தால் பிழைக்கலாம். ஒரு வாரத்துக்கு மேல் நின்றால், நீர் வடிந்தபின் வயலில் கிடப்பது அழுகிய தாள்தான்.

ஆனால் ஒடிசாவில் 'தளபுட்டியா' என்றொரு நாட்டு நெல் இருந்தது. தண்ணீரில் மூழ்கியதும் அது பதறுவதில்லை. வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, சத்தைச் செலவழிக்காமல், தவம் கிடப்பதுபோல் கிடக்கும். இரண்டு வாரம் கழித்து நீர் வடிந்தாலும் மறுபடி துளிர்க்கும். அரிசி உயர்ந்த ரகமல்ல, மகசூலும் சொற்பம். ஆனால் ஆண்டுதோறும் வெள்ளத்தில் மூழ்கும் பள்ளத்து நிலங்களை உழுத ஏழைக் குடியானவர்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்தார்கள். எந்தப் பட்டதாரியும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த நெல்லிலிருந்து விஞ்ஞானிகள் பொறுக்கியெடுத்த தூய வகைதான் எஃப்.ஆர். 13ஏ. அதிலுள்ள 'எஃப்.ஆர்.' என்ற எழுத்துக்களே வெள்ளத்தைத் தாங்குவது என்பதன் சுருக்கம்.

1990களில் ஆராய்ச்சியாளர்கள் இந்தக் குணம் நெல்லின் ஒன்பதாவது குரோமோசோமில் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 2006ல் அந்த ஜீனே அடையாளம் காணப்பட்டது. அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையும் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் இதில் முன்நின்றன. பின்னர் நடந்தது வேற்றுயிரின் ஜீனைப் புகுத்தும் வேலையல்ல. நெல்லை நெல்லோடு ஒட்டுச் சேர்த்து, பிறந்த நாற்றுக்களில் எதில் அந்த ஜீன் இருக்கிறது என்று ஆராய்ச்சிச் சாலையில் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, மறுபடி மறுபடி பழைய ரகத்தோடேயே சேர்த்தார்கள். ஆந்திராவின் மாருட்டேரு நிலையத்தில் பிறந்த 'சுவர்ணா' இப்படித்தான் 'சுவர்ணா சப் 1' ஆகி, 2009ல் நமது நாட்டில் வெளியிடப்பட்டது. ருசியும் குணமும் சுவர்ணாவினுடையவை. வெள்ளம் வந்தால் மட்டும் அந்த ஒடிசா நெல்லின் பொறுமை வெளிப்படும்.

பலன் என்ன? ஒடிசா கிராமங்களில் பொருளாதார நிபுணர்கள் நடத்திய ஓர் ஆய்வு 2013ல் வெளியாயிற்று. வயல் பத்து நாள் மூழ்கிக் கிடந்தால், பழைய சுவர்ணாவைக் காட்டிலும் புதியதில் சுமார் 45 சதவீதம் கூடுதல் மகசூல் கிடைத்தது. இதைவிட முக்கியமான ஒரு விஷயத்தையும் அவர்கள் கண்டார்கள். தாழ்த்தப்பட்ட சாதியினரின் நிலங்களே மற்றவர்களின் நிலங்களைவிட அதிகமாகப் பள்ளத்தில் கிடக்கின்றன. மேட்டு நிலம் மேல்சாதிக்கு, தண்ணீர் தேங்கும் நிலம் ஹரிஜனுக்கு என்பதுதானே நம் கிராமங்களின் பழைய சட்டம்! ஆகவே வெள்ளத்தைத் தாங்கும் விதை யாருக்கு அதிகமாக உதவிற்று? எல்லாரிலும் கீழே தள்ளப்பட்டவனுக்குத்தான்.

அதோடு இன்னொன்று. விதை காப்பாற்றும் என்ற தைரியம் வந்ததும், வெள்ளமில்லாத வருஷங்களில்கூட அந்த விவசாயிகள் கூடுதலாக உரமிட்டார்கள், தெளிப்பை விட்டு நடவுக்குப் போனார்கள் என்று பின்னால் வந்த ஆய்வு காட்டிற்று. ஏழை விவசாயி புதுமைக்குப் பயந்தவன், பழமையில் ஊறியவன் என்று பட்டணத்து மேதைகள் உபதேசம் செய்வது வழக்கம். அவனைப் பிடித்து நிறுத்தியது எல்லாம் போய்விடுமோ என்ற பயம்தான் என்பது இங்கே நிரூபணமாயிற்று.

இந்த விதை வீரிய ஒட்டு விதையல்ல. விவசாயி அறுத்ததிலேயே எடுத்து வைத்து அடுத்த ஆண்டு விதைக்கலாம், பக்கத்து வீட்டுக்காரனுக்கும் கொடுக்கலாம். ஜீன் ஆராய்ச்சி உழைப்பவனுக்கு உதவ முடியுமா என்று சந்தேகிப்பவர்களுக்கு இதைத்தான் நாம் பதிலாகக் காட்டுவோம்.

பருத்தியில் நடந்தது

இனி நாணயத்தின் மறுபுறம். 2002ல் பி.டி. பருத்திக்கு மத்திய சர்க்கார் அனுமதி கொடுத்தது. காய்ப்புழுவைக் கொல்லும் ஜீன் அமெரிக்க மான்சாண்டோ கம்பெனியினுடையது. அது நமது நாட்டில் வந்தது வீரிய ஒட்டு விதையாக, ஆண்டுதோறும் கடைக்குப் போய் வாங்கியே தீரவேண்டிய விதையாக. 450 கிராம் பாக்கெட்டுக்கு விலை 1,600 ரூபாய்க்கு மேல். அதில் ஏறத்தாழ 1,250 ரூபாய் அந்த ஒரு ஜீனுக்கான கப்பம்! ஆந்திர சர்க்கார் ஏகபோகத் தடுப்புக் கமிஷனில் வழக்குத் தொடுத்த பிறகுதான், 2006ல் பாக்கெட்டின் மொத்த விலையே 750 ரூபாய்க்கு இறங்கிற்று. இரண்டு மடங்குக்கு மேல் விற்றதை ஒரே வருஷத்தில் இப்படி இறக்க முடிந்ததென்றால், முந்திய வருஷங்களில் பருத்தி விவசாயியின் மடியிலிருந்து போனதற்கு என்ன பெயர்?

புழுவும் சும்மா இருக்கவில்லை. நாடெங்கும் ஒரே ஆயுதத்தை, வருஷந்தோறும், ஏக்கர் ஏக்கராகப் பிரயோகித்தால் எதிரி அதற்குப் பழகிக்கொள்வான் என்பது டார்வின் காலத்திலிருந்தே தெரிந்த பாடம். இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் பி.டி. ஜீனுக்கு மசியவில்லை என்பதை 2010ல் கம்பெனியே ஒப்புக்கொண்டது. அதற்கும் மருந்து, அதே கம்பெனியின் இரண்டு ஜீன் விதை! பிறகு அதையும் புழு வென்றது.

பொதுத்துறை என்றால் எல்லாம் சுத்தம் என்று நாம் சொல்லவில்லை. விவசாயி மறுபடி விதைக்கக்கூடிய 'பிக்கானேரி நர்மா' பி.டி. பருத்தியைச் சர்க்கார் ஆராய்ச்சி ஸ்தாபனங்கள் 2009ல் வெளியிட்டன. அதில் மான்சாண்டோவின் ஜீன் கலந்திருக்கிறது என்று தெரியவந்து, விதை விற்பனையை நிறுத்த வேண்டியதாயிற்று. எவ்வளவு பெரிய சந்தர்ப்பம் எவ்வளவு அலட்சியத்தால் பாழாயிற்று!

கம்பெனிகளின் குணம் பருத்தியோடு நிற்கவில்லை. 2019ல் குஜராத்தில் நான்கு உருளைக்கிழங்கு விவசாயிகள்மீது பெப்சி கம்பெனி வழக்குப் போட்டது. எங்கள் வறுவல் கிழங்கின் ரகத்தை அனுமதியின்றிப் பயிரிட்டாய், தலைக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டஈடு கொடு என்றது. விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும் விவசாயிக்கு உரிமை உண்டு என்று 2001ம் ஆண்டின் சட்டமே சொல்கிறது. நாடு கொதித்தெழுந்த பிறகு கம்பெனி வழக்கை வாபஸ் வாங்கிற்று. ஆனால் அந்த ரகத்தின்மேல் அது வாங்கியிருந்த பதிவு 2021ல் ரத்தானதும், ரத்து உத்தரவை 2024 ஜனவரியில் டெல்லி ஐகோர்ட் தள்ளிவிட்டதும் நமது வாசகர்கள் கவனிக்க வேண்டியவை. சட்டம் காகிதத்தில் நம் பக்கம் இருந்தால் மட்டும் போதாது.

மக்கள் விழித்திருந்தால் தடுக்க முடியும் என்பதற்கும் சாட்சியம் உண்டு. டாக்டர் ரிச்சாரியா என்ற நெல் விஞ்ஞானி சத்தீஸ்கர் பகுதியில் கிராமம் கிராமமாய் அலைந்து ஏறக்குறைய 19,000 நெல் வகைகளைச் சேகரித்தார். ராய்ப்பூர் விவசாய சர்வகலாசாலையிலிருந்த அந்தச் செல்வத்தை சின்ஜெண்டா என்ற பன்னாட்டுக் கம்பெனிக்குத் திறந்துவிட 2002ல் ஓர் ஒப்பந்தம் தயாராயிற்று. விவசாயிகளும் ஜனநாயக இயக்கங்களும் கிளர்ந்தெழவே, அந்த ஆண்டு டிசம்பரில் கம்பெனி பின்வாங்கி ஓடிற்று.

விஞ்ஞானியை மிரட்டாதே

அப்படியானால் ஆராய்ச்சியையே நிறுத்திவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். இவர்களுக்கு சோவியத் நாட்டில் நடந்ததை நினைவூட்டுவது அவசியம். உலகெங்கும் சுற்றி விதை சேகரித்து, லெனின்கிராடில் மாபெரும் விதைக் களஞ்சியத்தை ஸ்தாபித்தவர் நிக்கொலாய் வாவிலோவ். ஜீன் என்பதே பூர்ஷ்வாக் கற்பனை என்று வாதித்த லைசென்கோவின் கோஷ்டி செல்வாக்குப் பெற்றது. 1940ல் வாவிலோவ் கைதானார். 1943 ஜனவரியில் சராத்தோவ் சிறையில் மாண்டார். 1948ல் மரபியல் படிப்பே அங்கு வேரோடு பிடுங்கப்பட்டது. அந்தத் துறை தலைதூக்க 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே வாவிலோவின் சகாக்கள் ஹிட்லரின் முற்றுகையில் தங்களைச் சுற்றி அரிசியும் கோதுமையும் மூட்டையாய்க் கிடக்க, ஒரு மணியைத் தொடாமல் பட்டினியால் செத்தார்கள் என்பதும் சரித்திரம். உழைப்பாளி மக்களின் பெயரைச் சொல்லி உண்மையை மிதித்தால், அதன் நஷ்டம் உழைப்பாளியின் சோற்றுப் பானையில்தான் விழும்.

நம் கோயமுத்தூரையே பாருங்கள். 1912ல் அங்கே கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கிற்று. பார்பரும் வெங்கட்ராமனும் தோட்டக் கரும்பை ஆற்றங்கரையில் தானாக மண்டும் காட்டுக்கரும்போடு ஒட்டுச் சேர்த்தார்கள். 1918ல் பஞ்சாபுக்குப் போன 'கோ 205' அதன் முதல் வெற்றி. கரும்பின் குரோமோசோம்களை எண்ணி ஆராய்ந்த ஜானகி அம்மாள் வேலை பார்த்ததும் அங்கேதான். வட இந்தியாவின் கரும்பு விவசாயமே இந்தப் பொதுப்பணத்து ஆராய்ச்சியால் மாறிற்று.

இனி கேட்க வேண்டியது

இப்போது கமலாவுக்கு வருவோம். இந்தவிதத் திருத்தத்தில் வேறு உயிரின் ஜீன் புகுத்தப்படுவதில்லை, நெல்லின் சொந்த ஜீனிலேயே ஒரு சிறு வெட்டு. ஆகவே பழைய கட்டுப்பாடுகள் வேண்டாமென்று 2022 மார்ச்சில் சர்க்கார் விலக்களித்தது. ரகங்களை ஆக்கியவர்கள் சர்க்கார் விஞ்ஞானிகள் என்பதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் வயல் சோதனை விவரங்கள் மந்திரியின் வாக்கை ஆதரிக்கவில்லை என்று 2025லேயே புகார் எழுந்தது. ஆராய்ச்சிக் கவுன்சில் மறுத்தது. மறுப்பு போதாது. எந்த ஜில்லாவில், எந்தப் பருவத்தில், எவ்வளவு விளைந்தது என்ற கணக்கு முழுவதும் பகிரங்கமாகட்டும். பொதுப்பணத்தில் நடந்த சோதனையை ஜனங்கள் பார்ப்பதில் என்ன ரகசியம்?

அடுத்தது கத்தரிக்கோல் பிரச்னை. ஜீனை வெட்டும் 'கிரிஸ்பர்' என்ற கருவிக்காக 2020ல் இரண்டு பெண் விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் கருவியின் பேடண்டுகள் மேல்நாட்டு ஸ்தாபனங்களின் கையில் இருக்கின்றன. பயிர்த்துறை உரிமைகளில் கோர்டேவா என்ற விதைக் கம்பெனிக்குப் பெரும் பிடி உண்டு. நெல் நம்முடையது, விஞ்ஞானி நம்மவர், வெட்டிய கத்திக்கு வாடகை அந்நியனுக்கு! என்ன நிபந்தனையில் இந்தக் கத்தி வாங்கப்படுகிறது என்பதை பார்லிமெண்டில் வைக்க வேண்டும். விதை விவசாயியின் கைக்கு வருமுன்பே இது தீர வேண்டும்.

வெள்ளத்தைத் தாங்கும் நெல் இருக்கிறதே என்று வடிகாலை மறந்துவிடும் சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. சப் 1 இரண்டு வாரம் தாங்கும், மூன்றாவது வாரம் தாங்காது. கதிர் முற்றிய பிறகு வரும் மழையில் அதன் பொறுமை உதவாது. தூர்ந்த ஆற்றையும் ஆகாயத்தாமரை அடைத்த வாய்க்காலையும் எந்த ஜீனும் திறந்துவிடாது. விளைந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் மழையில் நனையவிட்டு, ஈரப்பதத்தைக் காட்டித் திருப்பியனுப்பும் அதிகாரிக்கும் எந்த ஆராய்ச்சி நிலையத்திலும் மருந்தில்லை. குத்தகை விவசாயிக்கு நிவாரணம் வந்தாலும் அது பட்டாதாரரின் பெயருக்கே போகிறது.

ஆகவே நாம் கோருவது இது. ஐப்பசி அடைமழை பிடிக்குமுன் டெல்டாவின் வடிகால்கள் கடல் முகம்வரை தூர்வாரப்பட வேண்டும். சி.ஆர். 1009 சப் 1 விதை ஒவ்வொரு வேளாண்மை விரிவாக்க மையத்திலும், பட்டா கேட்காமல், சாகுபடி செய்கிறவன் பெயருக்கு, நாற்று விடும் காலத்துக்கு முன்பே கொடுக்கப்பட வேண்டும்.