சும்மா செய்யும் வேலைக்கும் தலைமை வேண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருப்பவர்கள் முழுதாக வாசியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு கொமன்ட்டில் சண்டைக்கு வராதீர்கள்.

நம்ம ஊர் வாலிபர்கள் சிலர், தமிழ்மொழி மூலப் பிள்ளைகளுக்காகக் கடந்தகால வினாத்தாள்களைத் தொகுத்து ஒரு செயலி செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். திறந்த மூல மென்பொருள். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், சதக்காசு கொடுக்கத் தேவையில்லை. மிகவும் சந்தோசம். அது பற்றிப் பேசக் கூடிய இடத்தில் நாங்கள் ஒரு கேள்வி கேட்டோம்: "இதற்கு யார் பொறுப்பு? எதைச் செய்வது, எதை விடுவது என்று யார் முடிவெடுப்பது?"

இரண்டு பதில் வந்தது. ஒரு தம்பி சொன்னார்: "சேர், இது ஓப்பன் சோர்ஸ். இதில தலைவர் கிலைவர் எல்லாம் இல்ல." பக்கத்திலிருந்த பெரியவர் சொன்னார்: "சும்மா செய்து தாற பிள்ளைகளிட்டப் போய்க் கேள்வி கேட்கிறதா?"

இரண்டும் பிழை. இந்த இரண்டு பிழையும் சேர்ந்துதான் போன முறை நம்மைக் கவிழ்த்தது.

மறந்துவிட்டோமா? கொரோனாக் காலத்தில் தரம் 5 பிள்ளைகளுக்கென்று இதே போல ஒன்று செய்தார்கள். நல்ல வேலை. நம்ம வகுப்புப் பிள்ளைகளும் பாவித்தார்கள். பிறகு என்ன நடந்தது? சிங்களத்திலும் போட வேண்டும் என்று ஒருவர், முதலில் கணிதத்தை முடிப்போம் என்று இன்னொருவர். முடிவு சொல்ல ஆளில்லை. ஒருவர் பிரதி எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். மற்றவர் கட்டாருக்குப் போனார். கடவுச்சொல் அவரிடம், இணையத்தளப் பெயருக்குக் காசு கட்டியதும் அவருடைய அட்டையில். வருடம் முடிய அதுவும் காலாவதி. இன்று இரண்டுமே இல்லை. யாரும் திருடவில்லை, யாரும் கெட்டவரில்லை. ஆனாலும் பிள்ளைகள் நட்டாற்றில். "யார் பொறுப்பு" என்று அன்று கேட்காத ஆசிரியர்களில் நாங்களும் அடக்கம்.

இனி அந்தத் தம்பியின் பேச்சுக்கு வருவோம். ஓப்பன் சோர்ஸில் தலைவர் இல்லையா? உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கிற நம் பிள்ளைகள் பைதன் படிக்கிறார்கள். அதைத் தொடங்கியவர் கைடோ வான் ரொஸம் என்ற நெதர்லாந்துக்காரர். 1991இல் வெளியிட்டார். 2018 வரை இறுதி முடிவு அவருடையது. "ஆயுட்கால நல்லெண்ணச் சர்வாதிகாரி" என்று பகிடியாக அவருக்குப் பட்டமே இருந்தது. ஆனால் அந்தச் சர்வாதிகாரியும் சும்மா கட்டளை போடவில்லை. பெரிய மாற்றம் எதுவானாலும் முன்மொழிவு எழுத்தில் வர வேண்டும். ஏன் தேவை, யார் எதிர்த்தார்கள், எந்த யோசனை ஏன் நிராகரிக்கப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். நிராகரித்த முன்மொழிவும் அழிக்கப்படாது, யாரும் போய் வாசிக்கலாம்.

2018இல் ஒரு சின்ன இலக்கண மாற்றத்துக்கு அவர் சம்மதம் கொடுத்தார். பெரிய சண்டை. இவ்வளவு போராடியும் இத்தனை பேர் தன் முடிவை வெறுப்பதை இனிமேல் பார்க்க விருப்பமில்லை என்று எழுதிவிட்டு, ஜூலை மாதம் பொறுப்பிலிருந்து விலகினார். வாரிசு என்று யாரையும் நியமிக்கவில்லை. "நீங்களே ஒரு முறையைத் தேடிக்கொள்ளுங்கள்" என்பதுதான் அவர் விட்டுப்போன செய்தி. அவர்கள் மாதக்கணக்காக வாதாடினார்கள், பல திட்டங்களை எழுதினார்கள், வாக்குப் போட்டார்கள். 2019இல் 5 பேர் கொண்ட வழிகாட்டுக் குழு தெரிவானது. அதில் ஒரு விதியைக் கவனியுங்கள்: ஒரே நிறுவனத்தில் சம்பளம் வாங்குபவர்கள் 2 பேருக்கு மேல் அந்தக் குழுவில் இருக்க முடியாது. நம்ம ஊர்ச் சங்கங்களில் ஒரே குடும்பத்திலிருந்து எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துவிட்டு மேலே வாசியுங்கள்.

டெபியன் என்று ஒன்று இருக்கிறது. லினக்ஸ் பாவிப்பவர்களுக்குத் தெரியும். 1993இல் தொடங்கியது, 1998இலிருந்து எழுத்தில் யாப்பு உண்டு. தலைவரை ஒவ்வொரு வருடமும் தேர்ந்தெடுக்கிறார்கள். போட்டிக்கு ஒருவர் மட்டும் நின்றாலும் வாக்குச்சீட்டில் "இவர்களில் யாரும் வேண்டாம்" என்ற தெரிவு இருக்கும். இடையில் தலைவரை நீக்கவும் உறுப்பினர்களுக்கு வழி உண்டு. அந்த யாப்பில் இன்னொரு விடயம் எழுதியிருக்கிறது: யாரும் வேலை செய்யக் கட்டாயமில்லை, ஆனால் முறையாக எடுத்த முடிவுக்கு எதிராக வேலை செய்யக் கூடாது. தொண்டு வேலையின் முழுச் சிக்கலையும் அந்த இரண்டு வரியில் தீர்த்திருக்கிறார்கள். "எனக்கு நேரமில்லை" என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. மஷூராவில் தலையாட்டிவிட்டு வெளியே போய்க் குழி பறிக்க உரிமை இல்லை.

இப்போது பெரியவரின் பேச்சு. சும்மா செய்பவரிடம் கேள்வி கேட்கக் கூடாதாம். லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸை விடப் பெரிய கொடையாளி யார்? உலகத்தின் அன்ட்ரொயிட் போன் எல்லாவற்றிலும் அவர் தொடங்கியது ஓடுகிறது. ஆனால் ஆட்களை ஏசித் தள்ளுவார். 2018 செப்டெம்பரில் அவரே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, சில வாரங்கள் ஒதுங்கியிருந்து திரும்பினார். கேள்வி கேட்டதால் லினக்ஸ் அழிந்துவிடவில்லை.

கேள்வி கேட்பது என்பது வேறு, பிழிந்தெடுப்பது வேறு. இதையும் சொல்லத்தான் வேண்டும். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-இசட் என்ற ஒரு சின்ன மென்பொருள், உலகத்தின் எத்தனையோ சேர்வர்களில் இருக்கிறது. பல வருடமாக ஏறத்தாழ ஒற்றை மனிதர், சம்பளமில்லாமல், பராமரித்தார். மனம் களைத்துப் போயிருக்கிறேன் என்று அவர் வெளிப்படையாக எழுதியும், "ஏன் தாமதம், வேறு ஆளிடம் கொடு" என்று சில கணக்குகள் நெருக்கின. உதவி செய்வதாக ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்தார், நம்பிக்கையைச் சம்பாதித்தார், பொறுப்பில் பங்கு எடுத்தார், கடைசியில் உள்ளே கள்ளக் கதவு வைத்தார். 2024 மார்ச்சில் ஒரு பொறியியலாளர், தன் கணினியில் உள்நுழைவு அரை செக்கன் தாமதமாவதைக் கண்டு தோண்டியதால்தான் அது பிடிபட்டது. ஒற்றை ஆளில் எல்லாவற்றையும் போட்டு, அவரைத் தனியே விட்டால் நடப்பது இதுதான். "எப்ப வரும்? இன்னும் வரல்லையா?" என்று வட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டு, ஒரு வினாத்தாளைக்கூடத் தட்டச்சு செய்து கொடுக்காத நாமும் அந்த நெருக்கியவர்களின் வரிசையில்தான் நிற்கிறோம்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை என்று சொல்ல வேண்டாம். 2004 சுனாமியில் நம்ம கரையோரம் அழிந்து கிடந்தபோது, இந்த நாட்டுத் தொண்டர்கள் சில வாரங்களில் சஹானா என்ற மென்பொருளை எழுதினார்கள். காணாமல் போனோர், முகாம்கள், நிவாரணம் எல்லாவற்றையும் பதிய. அது பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் போனது. 2006இல் சுதந்திர மென்பொருள் மன்றத்தின் சமூக நலன் விருது அதற்குக் கிடைத்தது. 2009இல் அதற்கென்றே தனி மன்றம் அமைத்தார்கள். தொடங்கியவர்களின் உற்சாகம் தீர்ந்த பிறகும் வேலை நிற்கக் கூடாது என்றால் இப்படி ஒரு வீடு வேண்டும்.

"தலைவர் இல்லை" என்று சொல்லும் இடத்திலும் ஒரு தலைவர் இருக்கிறார். கடவுச்சொல் யாரிடமோ அவர்தான் தலைவர். பெயர் சொல்லாத தலைவரிடம் கேள்வி கேட்கவும் முடியாது, அவரை மாற்றவும் முடியாது.

ஆகவே அந்தத் தம்பிமாரிடம் நாங்கள் கேட்பது நான்கே நான்கு. ஒரு பக்கத் தாளில் எழுதி எல்லோரும் பார்க்கும்படி போடுங்கள்.

1. முதல் வருடம் எதைச் செய்வோம், எதைச் செய்யமாட்டோம்.
2. கருத்து முரண்பட்டால் கடைசி முடிவு யாருடையது, அவருடைய காலம் எவ்வளவு.
3. கடவுச்சொற்கள் குறைந்தது மூன்று பேரிடம், அதில் ஒருவராவது ஊரில் இருப்பவர்.
4. பொறுப்பாளர் களைத்தாலோ வெளிநாடு போனாலோ அடுத்தவர் எப்படி வருவார்.

எங்கள் பங்குக்கு, வினாக்களைத் தட்டச்சு செய்து சரிபார்க்கும் வேலையை ஆசிரியர்கள் நாங்கள் எடுக்கிறோம். சனிக்கிழமை பின்னேரங்களில் இருப்போம். முடிவு எங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் முறைப்படி எடுத்திருந்தால் குழி பறிக்கமாட்டோம்.

அந்தத் தாளை எழுத ஒரு மணித்தியாலம் போதும். எழுதாமல் விட்டால், இன்னும் இரண்டு வருடத்தில் இதே பதிவை நாங்கள் திரும்பப் போட வேண்டி வரும்.