முட்டையில் மருந்து எச்சம்: பண்ணையிலேயே சோதிக்க வழி வேண்டும்



நாமக்கல் முட்டையைப் பற்றி வதந்தி கிளம்பினால் விலை சரிகிறது. ஆய்வக அறிக்கை வருவதற்குள் பண்ணைக்காரர் நட்டப்பட்டுவிடுகிறார். கோழிக்கு நோய் வந்தால் தண்ணீரில் ஆன்டிபயாடிக் கலந்து கொடுக்கிறோம். நிறுத்திய பிறகும் சில நாள் முட்டையில் அதன் எச்சம் தங்கக்கூடும். அதைத் துல்லியமாக அளக்க விலையுயர்ந்த கருவியும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும்.

முதற்கட்டச் சோதனைக்கு எளிய வழி ஏற்கெனவே இருக்கிறது. தங்கத்தை நானோமீட்டர் அளவுத் துகளாக்கினால் மஞ்சள் போய்ச் சிவப்பாகத் தெரியும். குறிப்பிட்ட மருந்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை அத்துகள்மேல் ஏற்றி, கர்ப்பப் பரிசோதனை அட்டை போன்ற பட்டையோடு சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். மாதிரியில் மருந்து இல்லையென்றால் துகள்கள் சோதனைக் கோட்டில் ஒட்டிச் சிவக்கும். இருந்தால் கோடு மங்கும். சில நிமிட வேலைதான். பால் பண்ணைத் தொழிலில் இத்தகைய பட்டைகள் பல நாடுகளில் புழக்கத்தில் உள்ளன. சந்தேகமான மாதிரியை மட்டும் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும்.

மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கைகொடுக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் தரக்கூடாதென்று 2019 ஜூலையில் மத்திய அரசு தடை விதித்தது. மிக நல்ல முடிவு. ஆனால் சோதிக்க வழியில்லாத தடை காகிதத்தோடு நின்றுவிடும்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி முட்டைக்கு ஏற்ற பட்டைகளை ஆராய்ந்து பரிந்துரைக்க வேண்டும். சேலம், நாமக்கல் மாவட்டக் கால்நடை மருந்தகங்களில் அவை மானிய விலையில் கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

- ஒரு கோழிப்பண்ணையாளர், மோகனூர்