மையித்தின் கண்ணியம் வட்ஸ்அப்பில் இல்லையா?



வீதியில் ஒரு விபத்து நடந்தால் 1990க்கு அழைக்க வேண்டிய கை கெமராவைத் திறக்கிறது. கொஞ்ச நேரத்தில் ஊர்க் குரூப் எல்லாம் இரத்தம். "இன்னாலில்லாஹி" என்று எழுதிவிட்டு நாமே அடுத்த குரூப்புக்கும் அனுப்புகிறோம். கேட்டால் "விழிப்புணர்வு" என்கிறோம். முகம் தெரியும் மையித்தைக் காட்டி யாருக்கு என்ன விழிப்புணர்வு?

2020இல் நம் ஜனாஸாக்களை எரித்தபோது மையித்துக்கும் கண்ணியம் உண்டு என்று அழுதவர்கள் நாம். பொரளை மயான வேலியில் கபன் துணி கட்டியதை மறந்துவிட்டோமா?

2019 மார்ச்சில் கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன் தன் தாக்குதலை நேரலையாகக் காட்டினான். முதல் 24 மணித்தியாலத்தில் பேஸ்புக் நீக்கிய வீடியோக்கள் மட்டும் 15 இலட்சம். அவன் போட்டது ஒன்று. மற்றவற்றைப் பரப்பியது பார்த்தவர்கள்.

இன்று நாம் படிப்பிக்கும் எட்டாம் தரப் பிள்ளைகள் விபத்து வீடியோவைச் சிரித்துக்கொண்டே விவரிக்கிறார்கள். பிள்ளைகளை ஏசிப் பயனில்லை. அவர்கள் பார்த்தது உம்மா வாப்பாவின் போனில்.

வந்தால் அழிப்போம், அனுப்பியவரிடம் நேரே சொல்வோம். மௌத்தானவரின் உம்மாவும் ஏதோ ஒரு குரூப்பில் இருக்கிறார்.