அப்படியே ரெக்கார்டு மாதிரி

1996-ல் பிங்க் ஃபிளாய்டின் கிதார்க்காரர் டேவிட் கில்மருக்கு ஐம்பது வயது நிறைந்தது. லண்டனில் விருந்து. பாட்டுக்கு அவர் யாரை ஏற்பாடு செய்திருந்தார் என்பதுதான் விசேஷம். பீட்டில்ஸ் மாதிரியே உடுத்தி, பீட்டில்ஸ் மாதிரியே வாசிக்கும் ‘பூட்லெக் பீட்டில்ஸ்’ ஒரு பக்கம். ‘ஆஸ்திரேலியன் பிங்க் ஃபிளாய்ட் ஷோ’ இன்னொரு பக்கம். தன் பாட்டுகளைத் தன்னைப் போலவே வாசித்துப் பிழைப்பவர்களைத் தன் பிறந்தநாளுக்கே வரவழைத்துக் கேட்டிருக்கிறார் மனிதர்.

அந்த விருந்துக்கு ஜார்ஜ் ஹாரிசனும் வந்திருந்தார். அசல் பீட்டில் நகல் பீட்டில்ஸைச் சந்தித்தபோது, ‘என்னைவிட உங்களுக்குத்தான் கார்டெல்லாம் நன்றாகத் தெரியும்போல’ என்ற பாணியில் ஏதோ சொன்னார் என்பார்கள். அதோடு விடவில்லை. உங்கள் குழுவில் பிரையன் எப்ஸ்டைன் யார், பணமெல்லாம் அவரிடம்தானே இருக்கும் என்றும் கேட்டாராம். எப்ஸ்டைன் பீட்டில்ஸின் மேனேஜர். லிவர்பூலில் குடும்பத்தின் இசைத்தட்டு வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், 1961-ல் கேவர்ன் கிளப்பில் இந்தப் பையன்களைக் கேட்டு, கோட்டு மாட்டிவிட்டு, உலகத்தின் முன்னால் நிறுத்தியவர்.

ஹாரிசன் விளையாட்டாகக் கேட்டதற்கு இந்த ட்ரிப்யூட் பேண்டு உலகத்தில் நிஜமாகவே ஒரு பதில் இருக்கிறது. இங்கே எப்ஸ்டைன் பெரும்பாலும் மேடை மேலேயே நிற்கிறார், கழுத்தில் கிதாரை மாட்டிக்கொண்டு.

ஆரம்பத்தில் அப்படி இல்லை. 1977-ல் நியூயார்க் பிராட்வேயில் ‘பீட்டில்மேனியா’ என்ற நிகழ்ச்சி தொடங்கியது. ‘பீட்டில்ஸ் அல்ல, ஆனால் அசத்தலான பாவனை’ என்கிற மாதிரி விளம்பரம். அதை நடத்திய ஸ்டீவ் லீபர், டேவிட் கிரெப்ஸ் இருவரும் ஏரோஸ்மித் குழுவுக்கு மேனேஜர்களாக இருந்தவர்கள், முழு வியாபாரிகள். ஆள் தேர்வு வைத்து, பால் மாதிரி ஒருவர், ஜான் மாதிரி ஒருவர் என்று பொறுக்கி எடுத்து, சம்பளம் போட்டு, ஆயிரம் காட்சிகளுக்கு மேல் ஓட்டினார்கள். பீட்டில்ஸின் ஆப்பிள் நிறுவனம் வழக்குப் போட்டது. 1986-ல் தீர்ப்பு ஆப்பிள் பக்கம் வந்தது. ஒரு கோடி டாலருக்கு மேல் நஷ்ட ஈடு.

ஆனால் அதற்குள் தொழில் கைமாறிவிட்டது. பீட்டில்மேனியாவின் லண்டன் பதிப்பில் வாசித்தவர்கள் வெளியே வந்து 1980-ல் தொடங்கியதுதான் பூட்லெக் பீட்டில்ஸ். ஓட்டலில் சரக்கு மாஸ்டராக இருந்தவர் முதலாளியின் கணக்கைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு எதிர்த் தெருவில் தனிக்கடை போடுவாரே, அதே கதைதான். 1996-ல் நெப்வொர்த் மைதானத்தில் ஒயேசிஸ் குழு லட்சக்கணக்கானவர்கள் முன்னால் வாசித்தபோது, அதே மேடையில் இந்த நகல் பீட்டில்ஸும் வாசித்தார்கள்.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தவர் மெல்போர்னைச் சேர்ந்த ராட் லைஸ்லே. 1988-ல், ஸ்வீடன் பாப் குழுவான ‘அபா’ என்றாலே ரசனை உள்ளவர்கள் முகம் சுளித்த காலத்தில், ‘பியோர்ன் அகெய்ன்’ என்ற அபா ட்ரிப்யூட் குழுவைத் தொடங்கினார். குழு முழுக்க ஆஸ்திரேலியர்கள். மேடையிலோ ஸ்வீடன்காரர்கள் ஆங்கிலம் பேசித் திணறுவது மாதிரி பேசுவார்கள். அபாவின் பென்னி ஆண்டர்சன் வேஷக்காரருக்குப் பெயர் பென்னி ஆண்டர்வேர். கிண்டல்தான். ஆனால் பாட்டு தொடங்கிவிட்டால் கிண்டல் கிடையாது, இரண்டு பெண் குரல்களும் சுத்தமாகச் சேரும். இவர்களை இங்கிலாந்தின் 1992 ரெடிங் இசை விழாவுக்கு அழைத்தது நிர்வாணா. அன்றைக்கு உலகத்திலேயே கோபமான இசைக்குழு அதுதான். அதன் கர்ட் கோபேன் அபா ரசிகர் என்பது பலருக்கு அன்றுதான் தெரிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ‘அபா கோல்டு’ தொகுப்பு வந்து, அபாவுக்கு இரண்டாவது வாழ்வு கிடைத்தது. அசலுக்கு மவுசு திரும்புவதற்கு முன்பே நகல் கடை விரித்துவிட்டது. 2009-ல் விளாதிமிர் புதினுக்காகத் தனிக் கச்சேரி செய்தோம் என்று இந்தக் குழுவினர் சொல்ல, கிரெம்ளின் அவசரமாக மறுத்தது. அசல் அபாவுக்குக்கூட இப்படி ஒரு விளம்பரம் கிடைத்ததாகத் தெரியவில்லை.

லைஸ்லே செய்த இன்னொரு காரியம் முக்கியமானது. கேட்கிற ஊர்கள் அதிகமானதும், ஒரே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்களை அனுப்பத் தொடங்கினார். அதே உடை, அதே பேச்சு, வேறு ஆட்கள். சாதாரண மேனேஜருக்கு இந்தத் தைரியம் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். கலைஞன் என்றால் அவன் ஒருவனே, அவன் இல்லாவிட்டால் கச்சேரி ரத்து என்று நம்புகிறவர் மேனேஜர். தானே விக் மாட்டி மேடையில் நின்றவனுக்குத்தான் தெரியும், விக்குக்குக் கீழே இருக்கிற தலை எதுவானாலும் ஓடும் என்று.

இனி டேமியன் டார்லிங்டன். அடிலெய்டில் 1988-ல் பிறந்த ஆஸ்திரேலியன் பிங்க் ஃபிளாய்ட் ஷோ பிறகு இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. அதில் பதினேழு ஆண்டுகள் கிதார் வாசித்தார் டார்லிங்டன். 2011-ல் வெளியே வந்து லிவர்பூலில் ‘பிரிட் ஃபிளாய்ட்’ தொடங்கினார். இசை இயக்குநர், நிகழ்ச்சியை வடிவமைத்தவர், கிதார், குரல் எல்லாம் அவரே. காலம் அவருக்குச் சாதகமாக இருந்தது. பிங்க் ஃபிளாய்ட் கடைசியாக ஊர் ஊராகச் சுற்றியது 1994-ல். 2005-ல் லைவ் 8 மேடையில் நால்வரும் ஒருமுறை கூடினார்கள், 2008-ல் ரிச்சர்ட் ரைட் இறந்தார். மிச்சம் இருந்தவர்களில் ரோஜர் வாட்டர்ஸுக்கும் கில்மருக்கும் நடந்த சண்டை ஊரறிந்தது. அசல் இனி வராது என்பது உறுதியானது. கேட்கிற காதுகளோ குறையவே இல்லை.

இந்த வேலையின் கஷ்டம் எங்கே இருக்கிறது என்று பார்க்க, பிங்க் ஃபிளாய்டின் ‘மணி’ பாட்டை எடுத்துக்கொள்ளலாம். கல்லாப்பெட்டிச் சத்தமும் சில்லறைச் சத்தமும் சுற்றிச் சுற்றி வரும், அதன்மேல் பேஸ் கிதார் ஏறும். ஏழு எண்ணிக்கை, நம் ஊர் ஆள் தொடையில் தட்டிப் பார்த்துவிட்டு மிஸ்ர சாபு என்பார். நடுவில் கிதார் தனி வரும்போது நான்குக்கு மாறி, திரும்ப ஏழுக்கு வந்து சேரும். அந்தச் சில்லறைச் சத்தம் இசைத்தட்டில் எந்த இடைவெளியில் விழுகிறதோ அதே இடைவெளியில் அரங்கிலும் விழ வேண்டும். ‘ஆன் தி ரன்’ பாட்டில் விர்ரென்று ஓடுகிற சிந்தசைசர் சத்தம் 1970-களின் ஒரு சிறு பிரிட்டிஷ் பெட்டியிலிருந்து வந்தது. அதே நிறம் இல்லாவிட்டால் ரசிகர் கண்டுபிடித்துவிடுவார். கில்மரின் கிதார் எந்த ஆம்ப்ளிஃபையர், எந்த எக்கோ எந்திரம் வழியாகப் போனது என்பதை விரல் நுனியில் வைத்திருக்கிறவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ பாட்டில் கிளேர் டோரி என்ற பெண் 1973-ல் வார்த்தையே இல்லாமல் மனம்போன போக்கில் பாடி விட்டுப் போன குரல், இன்று ஒரு பாடகிக்கு அட்சரம் பிசகக் கூடாத பாடமாகிவிட்டது.

எனக்குச் சங்கடம் தொடங்குவது இங்கேதான். கில்மர் மேடைக்கு வந்தால் ‘கம்ஃபர்ட்டப்ளி நம்ப்’ கடைசித் தனியை அன்றைய மனநிலைக்கு ஏற்ப நீட்டலாம், வேறு வழியில் போகலாம், ஒரு சுரம் தப்பினாலும் அதுவும் அழகு என்பார்கள். அதே தனியை டார்லிங்டன் அப்படி வாசிக்க முடியாது. ஜனங்கள் டிக்கெட் எடுத்தது கில்மரைக் கேட்க அல்ல, தங்கள் பதினெட்டு வயதில் கேட்ட இசைத்தட்டைக் கேட்க. கில்மர் அன்று ஸ்டூடியோவில் தற்செயலாக வாசித்த ஒரு வளைவு, வாசித்தவரை விட்டுவிட்டு இன்னொருவருக்குச் சட்டமாகிவிட்டது. நல்ல வாசிப்பு உள்ள ஒருவர் இதை வாழ்நாள் வேலையாக ஏற்பதென்றால், கெட்டிக்காரத்தனம் மட்டும் போதாது, ஒருவிதத் துறவும் வேண்டியிருக்கும். புரமோட்டராக மாறுவது அதற்கு நல்ல வடிகால் என்று நினைக்கிறேன். சுரத்தில் கிடைக்காத சுதந்திரம் ஏற்பாட்டில் கிடைக்கிறது. எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, வட்டத் திரையில் என்ன படம், லேசர் எந்த நொடியில் பாய வேண்டும் என்பதெல்லாம் அவர் முடிவு. பிங்க் ஃபிளாய்ட் ஒருபோதும் ஒரே இரவில் வாசித்திராத வரிசையை அவர் அமைக்கலாம்.

பீட்டில்ஸ் விஷயத்தில் இது இன்னும் வேடிக்கை. 1966 ஆகஸ்டில் சான் ஃபிரான்சிஸ்கோவில் வாசித்ததோடு அவர்கள் ஊர் ஊராகப் போவதை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பின் ஸ்டூடியோவில் அடுக்கடுக்காகக் கட்டிய பாட்டுகளில் பெரும்பாலானவற்றை அவர்கள் மேடையில் வாசிக்கவே இல்லை. நியூயார்க்கில் வில் லீ என்பவர், டேவிட் லெட்டர்மேன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பேஸ் வாசித்தவர், 1998-ல் ‘ஃபேப் ஃபோ’ என்ற குழுவைத் தொடங்கி அந்தப் பாட்டுகளை ஊதுகுழல், வயலின் எல்லாம் வைத்து மேடையேற்றினார். விக் கிடையாது, காலரில்லாத கோட்டு கிடையாது, லிவர்பூல் உச்சரிப்பில் பேச்சும் கிடையாது. வாசிப்பு மட்டும். என்னைக் கேட்டால் இதுதான் கௌரவமான வழி. ஆனால் சிறு நகரத்தில் செவ்வாய்க்கிழமை இரவு அரங்கை நிரப்புவது விக் வைத்தவர்கள்தான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏனென்றால் புரமோட்டரின் செலவில் பாதி, யாருக்கும் தெரியாத ஒரு பெயரைத் தெரிய வைப்பதில்தான் போகும். ட்ரிப்யூட் நிகழ்ச்சிக்கு அந்தச் செலவு ஏற்கெனவே வேறொருவர் செய்து முடித்தது. சுவரொட்டியில் அந்தப் பெயரின் சாயல் இருந்தால் போதும். பாட்டை மேடையில் வாசிக்க அசல் குழுவின் சம்மதம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தேவையில்லை; அரங்கமோ ஏற்பாட்டாளரோ உரிமைச் சங்கத்துக்குக் கட்டணம் கட்டிவிட்டால், அது பாட்டு எழுதியவருக்குப் போய்ச் சேரும். தகராறு வருவதெல்லாம் பெயரிலும் உருவத்திலும்தான்.

நம் ஊரில் தகராறு பாட்டிலேயே வந்தது. 2017 மார்ச்சில் எஸ்.பி.பி. தன் ஐம்பதாண்டுப் பாட்டு வாழ்க்கையை ஒட்டி அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்தார். ஏற்பாடு அவர் மகன் சரண், அவரும் பாடகர். தன் பாட்டுகளை அனுமதியில்லாமல் பாடக்கூடாது என்று இளையராஜாவிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. மீதி நிகழ்ச்சிகளில் ராஜா பாட்டுகளைப் பாடப் போவதில்லை என்று எஸ்.பி.பி. ஃபேஸ்புக்கில் எழுதினார். அந்தப் பாட்டுகளை முதலில் பாடியவரே அவர்தான்! அசலே நகலாக நிற்க நேர்ந்த அந்த வாரத்தில் தமிழர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டதை மறந்திருக்க மாட்டீர்கள்.

உருவமும் குரலும் நம்மிடம் என்றுமே தனித்தனிக் கடைகள். கோயில் திருவிழா ஆடல் பாடலில் எம்.ஜி.ஆர். வேஷக்காரர் தொப்பியும் கண்ணாடியுமாக ஆடுவார், பாடுவது ஸ்பீக்கரில் டி.எம்.எஸ். மெல்லிசைக் குழுவிலோ டி.எம்.எஸ். குரலில் பாடுகிறவர் சஃபாரி சூட்டில் அசையாமல் நிற்பார். இரண்டையும் சேர்த்து டிக்கெட் போட்டவர் யாரும் என் நினைவுக்கு வரவில்லை. போகட்டும், வேஷம் வேண்டாம். ஃபேப் ஃபோ வழியில், எண்பதுகளின் ராஜா பாட்டை வாத்தியத்துக்கு வாத்தியம் அப்படியே மேடையேற்ற ஒருவர் கிளம்பக் கூடாதா? ராஜாவுக்கு வாசித்த சதானந்தத்தின் கிதார், சசிதரனின் பேஸ், நெப்போலியனின் புல்லாங்குழல், புருஷோத்தமனின் டிரம்ஸ் என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வாத்தியக்காரரை உட்கார வைத்து, வயலின்களை நிஜ வயலின்களாகவே வைத்து.

இதை ஒரு தம்பியிடம் சொன்னேன். மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கிதார் வாசித்தவர், இப்போது கல்யாண ரிசப்ஷன்களுக்குக் கச்சேரி பிடித்துக் கொடுக்கிறார். ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேட், மிச்சத்துக்கு லேப்டாப்பில் டிராக். அவருடைய சொந்த பேஸ் கிதார் வீட்டில் உறைக்குள் இருக்கிறது; அந்த வேலையையும் டிராக்கே பார்த்துக்கொள்கிறது.

“அண்ணே, வயலினுக்கு மட்டும் பத்துப் பேர் வேணும். ரிகர்சலுக்கே ஒரு வாரம் ஹால் எடுக்கணும். இதுக்கு டிக்கெட் எவ்வளவு வைக்கறது?”

“ஆயிரம் வை தம்பி. ரெக்கார்டுல உள்ள மாதிரியே இருந்தா ஜனங்க வருவாங்க.”

“வருவாங்கண்ணே. ஆனா ஹாலுக்காரர் நூறு பாஸ் கேப்பாரு, ஸ்பான்சர் இருநூறு கேப்பாரு, போலீஸ், கார்ப்பரேஷன், கரெண்ட் ஆபீஸு. அதுக்கப்புறம் உங்கள மாதிரி பத்திரிகைக்காரங்க.”

நான் காசு கொடுத்தே நாலு டிக்கெட் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார்.