முந்தானையை மட்டும் பார்த்தால் போதுமா?

எதிர் வீட்டு மாமி சென்ற வாரம் ஒரு கேள்வி கேட்டார். "ஊருக்கு ஊர் இருக்கிற சின்னச் சின்ன இண்டர்நெட் கம்பெனிகளை ஒரு பெரிய கம்பெனி விலைக்கு வாங்கிச் சேர்க்கிறதாமே! அதன் பங்குகளை வாங்கினால் பணம் இரட்டிப்பாகும் என்கிறான் என் மருமான். வாங்கலாமா?"

மாமியிடம் இருப்பது பெண்ணின் கல்யாணத்துக்கென்று சேர்த்த பணம். விளையாட்டாகப் பதில் சொல்ல முடியுமா?

முதலில் கணக்கைப் பாருங்கள். வருஷத்துக்குப் பத்து லட்சம் லாபம் வரும் சின்னக் கம்பெனியை, லாபத்தைப் போல் ஐந்து மடங்கு, அதாவது 50 லட்சம் கொடுத்து வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரிய கம்பெனியின் லாபத்தைப் பங்குச் சந்தை பன்னிரண்டு மடங்காக மதிக்கிறது. 50 லட்சத்துச் சரக்கு மறுநாளே ஒரு கோடியே இருபது லட்சம்! புதிதாக ஒரு வாடிக்கைக்காரர்கூடச் சேரவில்லை. ஆசை பிறப்பது இங்கேதான்.

இந்தக் கதை முன்பே நடந்திருக்கிறது. 1990-களில் அமெரிக்காவில் டெலிபோன் வழியாகத்தான் வீடுகளுக்கு இண்டர்நெட் வந்தது. உள்ளூர்ப் பேச்சுக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் கிடையாது. ஆகவே உள்ளூர் நம்பர் வைத்திருந்த சின்னக் கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. 1996-ல் கொலராடோவில் தொடங்கிய வெரியோ என்ற கம்பெனி, கடன் வாங்கி, இப்படிப்பட்ட ஐம்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகளைச் சேர்த்தது. ஆண்டுதோறும் நஷ்டந்தான். ஆனாலும் 2000-ல் ஜப்பானின் என்.டி.டி. கம்யூனிகேஷன்ஸ், பங்குக்கு 60 டாலர் வீதம், சுமார் 550 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கியது!

விற்றவர்களுக்கு யோகம். வாங்கியவருக்கோ? மறு வருஷமே அந்தத் தொகையில் பெரும் பகுதியை நஷ்டக் கணக்கில் எழுத வேண்டியதாயிற்று. லாபம் வியாபாரத்திலிருந்து வரவில்லை. அதிக விலை கொடுக்க இன்னொருவர் வந்ததால் வந்தது. அப்படி ஒருவர் வராமலே போயிருந்தால்?

ஆகையால், பங்கு வாங்குமுன் ஆண்டு அறிக்கையில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். ஒன்று: கடன் எவ்வளவு, வட்டியை லாபத்திலிருந்து கட்டுகிறார்களா, புதுக் கடன் வாங்கிக் கட்டுகிறார்களா? இரண்டு: வாங்கிச் சேர்த்தவற்றை நீக்கிவிட்டால் பழைய வாடிக்கைக்காரர்கள் கூடியிருக்கிறார்களா, குறைந்திருக்கிறார்களா? மூன்று: சொத்துக் கணக்கில் 'குட்வில்' எவ்வளவு? கம்பி, கருவி போன்றவற்றின் மதிப்புக்கு மேல் கொடுத்த விலைதான் அது. நாளை அழிக்க நேரலாம்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும், இரண்டு வருஷத்தில் கல்யாணத்துக்கு வேண்டிய பணம் பங்குச் சந்தைக்குப் போகக் கூடாது. சந்தை விழும்போது முகூர்த்த நாள் காத்திருக்காது அல்லவா?

மாமி கேட்டுவிட்டுச் சிரித்தார். "புடவை வாங்கும்போது முந்தானையை மட்டும் பார்த்தா வாங்குகிறோம்? பிரித்துப் போட்டு எங்கே ஒட்டு, எங்கே இழை விட்டிருக்கிறது என்று பார்க்க மாட்டோமா?" என்றார்.

பணம் பாங்கிலேயே இருக்கிறது. மருமானுக்குத்தான் சிறிது வருத்தம்!