முப்பதாம் நாள் பசி

ஆடிப்பட்டத்தில் விதை போட்டவர்களின் மொட்டைமாடியில் புரட்டாசி வாக்கில் ஒரு புலம்பல் கேட்கும். நாற்று நன்றாகத்தான் பிடித்தது, தளதளவென்றுதான் வளர்ந்தது. நட்டு நாலைந்து வாரம் ஆனதும் கத்தரியின் அடி இலைகள் வெளிறுகின்றன. வெண்டை நாலு காய் காய்த்துவிட்டுச் சோர்ந்துபோகிறது. "நமக்குத் தோட்டம் ராசியில்லை" என்று சொல்லிப் பையைக் கவிழ்த்துவிடுகிறார்கள்.

ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. செடிக்குப் பசி.

வயலில் இதை யாரும் மறப்பதில்லை. அடியுரம் போட்டு நட்டவர், ஒரு மாதத்தில் களை பறித்து, மேலுரம் வைத்து, மண் அணைத்துவிடுவார். மாடிக்கு ஏறும்போது மட்டும் இந்தப் பழக்கம் கீழேயே நின்றுவிடுகிறது. அரசுத் திட்டமும் இதற்கு விலக்கல்ல. 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய மாடித்தோட்டத் திட்டம் பிறகு மற்ற ஊர்களுக்கும் போனது. தோட்டக்கலைத் துறை மானியத்தில் கொடுத்துவரும் தொகுப்பில் பைகள், தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், விதைகள், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா ஆகிய உயிர் உரங்கள், டிரைகோடெர்மா, வேப்ப எண்ணெய் மருந்து எல்லாம் உண்டு. விதைக்க வழி இருக்கிறது, பூச்சியிலிருந்து காக்கவும் வழி இருக்கிறது. நடுவில் சோறு போடத்தான் ஒன்றுமில்லை. உயிர் உரம் கைகொடுக்கும். காய்க்கிற செடியின் முழுப் பசியையும் அது ஆற்றாது.

நார்க்கழிவு தண்ணீரைப் பிடித்துவைப்பதில் கெட்டிக்காரன், சத்தில் பரம ஏழை. நன்றாக மக்காத நார்க்கழிவில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு நூறு பங்குக்கும் மேல் கரிமம் இருக்கும். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள், நாம் செடிக்குப் போடும் தழைச்சத்தையே முதலில் எடுத்துத் தின்றுவிடும். மிச்சத்தைத் தினம் ஊற்றும் தண்ணீர் பையின் துளை வழியே கழுவிக்கொண்டு போகும்.

சரி, எவ்வளவு போடுவது? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கத்தரி ரகங்களுக்குச் சொல்லும் அளவையே எடுத்துக்கொள்வோம். நட்ட 30ஆம் நாள், எக்டேருக்கு 50 கிலோ தழைச்சத்து மேலுரம். இரண்டடிக்கு இரண்டடி இடைவெளியில் எக்டேருக்கு ஏறத்தாழ 27,700 செடி. வகுத்துப் பார்த்தால் செடிக்கு 1.8 கிராம் தழைச்சத்து. யூரியாவாகப் போட்டால் 4 கிராம், அதாவது ஒரு சிறு கரண்டி. யூரியா என்றாலே முகம் சுளிப்பவர்களுக்குக் கடலைப் புண்ணாக்கு 25 கிராம் அல்லது வேப்பம் புண்ணாக்கு 35 கிராம் போதும். மண்புழு உரமென்றால் இரண்டு கைப்பிடி.

இவ்வளவுதான் கணக்கு. இதையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. மிளகாய்க்கு 30, 60, 90ஆம் நாள் என்று மூன்று தவணை சொல்கிறது அதே பல்கலைக்கழகம். பையில் வளர்ப்பவர்கள் இன்னும் சிறு தவணையாகப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை கொடுப்பது நல்லது. மாடித்தோட்டத்துக்கு யூரியாவைவிடப் புண்ணாக்கே மேல். யூரியா நஞ்சு என்பதால் அல்ல. சின்னப் பையில் கை கொஞ்சம் தாராளமானாலும் வேர் கருகிவிடும் என்பதால். புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து, தண்டை ஒட்டாமல் சுற்றிலும் ஊற்றினால் போதும்.

உரம் போடுமுன் இலையைப் பார்க்க வேண்டும். தழைச்சத்து குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புதுக் கொழுந்துக்கு அனுப்பும். அதனால் அடி இலைதான் முதலில் முழுசாக மஞ்சளாகும். கொழுந்து வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் குறைவது இரும்புச்சத்து. இரும்பு அப்படி இடம் மாறுவதில்லை. இதைப் பார்க்காமல் மஞ்சள் கண்டதும் சாம்பலை அள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. சாம்பலில் மணிச்சத்தோ தழைச்சத்தோ அல்ல, சாம்பல் சத்துதான் பிரதானம், கூடவே காரத்தன்மையும். உப்பு நீர் பாயும் பையில் காரம் ஏறினால், இருக்கிற இரும்பையும் வேரால் எடுக்க முடியாது. நுண்ணூட்டக் குறைக்குப் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் 'அர்கா வெஜிடபிள் ஸ்பெஷல்' தெளிக்கலாம். கரைசலில் எலுமிச்சைச் சாறும் ஒரு பாக்கெட் ஷாம்பூவும் சேர்க்கச் சொல்கிறார்கள், விளையாட்டல்ல. திரவம் இலையில் வழியாமல் ஒட்டிக்கொள்ள ஷாம்பூ.

வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீரும் முட்டை ஓட்டுத் தூளும் செல்பேசித் திரையில் செய்யும் அற்புதங்களை மாடியில் செய்வதில்லை. தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துக் குழி விழுந்தால் உடனே முட்டை ஓட்டைத் தூவுகிறார்கள். காய்க்குச் சுண்ணாம்புச் சத்து எட்டவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சத்து தண்ணீரோடு பயணம் செய்வது. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் மண்ணில் சுண்ணாம்பு இருந்தும் காய்க்குப் போய்ச் சேராது. சீராகத் தண்ணீர் விடுவதே முதல் வைத்தியம். பஞ்சகவ்யம் நல்ல வளர்ச்சி ஊக்கிதான். பத்து லிட்டருக்கு 300 மில்லி என்ற அளவில் தெளிக்கலாம். அதையே முழுச் சாப்பாடாக எண்ணிவிடக் கூடாது.

அளவு மீறினாலும் வினைதான். தழைச்சத்து அதிகமானால் தக்காளி இலையும் கிளையுமாகப் புதர் மண்டும், பூ தள்ளிப்போகும், இளந்தண்டைத் தேடி அசுவினி வந்து அப்பும். பையின் மேல் வெள்ளைப் பொருக்கு படிந்தால் உப்பு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். உரத்தை நிறுத்தி, அடித்துளையில் வழியும்வரை நல்ல தண்ணீர் விட வேண்டும்.

2025இல் தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்திலும் விதைத் தொகுப்புகளை வீடு வீடாகச் சேர்ப்பதில் அரசு அக்கறை காட்டுகிறது. வரவேற்க வேண்டியதுதான். விதை கொடுத்ததோடு கை கழுவாமல், மாடித்தோட்டத் தொகுப்பில் இன்னொரு பொட்டலத்தையும் சேர்க்கட்டும். ஆறு பை, பைக்கு ஒரு செடி, தவணைக்கு முழு 35 கிராம் என்றே தாராளமாக வைத்தாலும், மூன்று தவணைக்கு வேப்பம் புண்ணாக்கு முக்கால் கிலோகூட வேண்டாம். பொட்டலத்தின் மேல் பெரிய எழுத்தில் 'நட்ட 30ஆம் நாள் பிரிக்கவும்' என்று அச்சிட்டுக் கொடுக்கட்டும்.