கைக்குழந்தையை விளம்பரத்தில் நடிக்க வைக்கலாமா? கேமராவுக்கு முன் தேவை ஆட்சியரின் அனுமதி

சித்தூர்/திருப்பதி: "குழந்தையின் படத்தை அனுப்புங்கள், மாடலிங் வாய்ப்பு காத்திருக்கிறது" என்ற அழைப்பு இன்று எந்த ஊரில் உள்ள கைப்பேசியையும் எட்டிவிடுகிறது. ஆந்திர எல்லையில் சென்னைக்கும் பெங்களூருவுக்கும் அருகே உள்ள சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் இளம் பெற்றோருக்கு அது கைக்கெட்டும் வாய்ப்பாகவே தோன்றும். ஆனால், பேசத் தொடங்காத குழந்தையும் விளம்பரத்தில் தோன்றும்போது சட்டத்தின் பார்வையில் 'கலைஞர்' ஆகிவிடுகிறது. அதற்கென வகுக்கப்பட்ட விதிகளைப் பெற்றோர் அறிந்திருப்பது அவசியம்.

சட்டம் என்ன சொல்கிறது?

குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் (தடை மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் 2016-ஆம் ஆண்டு திருத்தப்பட்டபோது, 14 வயதுக்குட்பட்டோரை எந்தப் பணியிலும் அமர்த்தக் கூடாது எனத் தடை விதிக்கப்பட்டது. விளம்பரம், திரைப்படம், தொலைக்காட்சித் தொடர் ஆகியவற்றில் கலைஞராகப் பங்கேற்பதற்கு நிபந்தனைகளுடன் விலக்கு அளிக்கப்பட்டது. அந்த நிபந்தனைகளை 2017-ஆம் ஆண்டு விதிகள் விவரிக்கின்றன.

அதன்படி, படப்பிடிப்பு நடைபெறும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் முன்அனுமதி பெற வேண்டும். பங்கேற்கும் குழந்தைகளின் பட்டியல், பெற்றோரின் சம்மதம், குழந்தைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்பவரின் பெயர் ஆகியவற்றையும் அளிக்க வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ச்சியாக 3 மணி நேரத்துக்கு மேலும் குழந்தையைப் பணியில் ஈடுபடுத்தக் கூடாது. அதிகபட்சம் 5 குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும்.

எந்த மாவட்டத்தில் அனுமதி?

குழந்தை வசிக்கும் ஊரல்ல, படப்பிடிப்பு நடக்கும் இடமே இங்கு கணக்கில் கொள்ளப்படும். 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானது. எனவே சித்தூரைச் சேர்ந்த குழந்தைக்குத் திருப்பதியில் படப்பிடிப்பு என்றால் திருப்பதி ஆட்சியரிடமும், சென்னையில் என்றால் சென்னை ஆட்சியரிடமும் அனுமதி பெற வேண்டும். விண்ணப்பிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது என்றாலும், அனுமதி ஆணையைப் பார்க்காமல் குழந்தையை ஒப்படைப்பது பெற்றோருக்கும் ஆபத்தே.

ஏனெனில், சட்டத்தை மீறிக் குழந்தையைப் பணியில் ஈடுபடுத்தினால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை அல்லது 20 ஆயிரம் முதல் 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பெற்றோருக்குப் பொதுவாக இதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால், வணிக நோக்கத்துக்காகச் சட்டத்தை மீறிக் குழந்தையை அனுமதித்தால் அந்த விலக்கு கிடைக்காது.

பணம் யாருக்கு?

குழந்தை ஈட்டும் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தையின் பெயரில் நிரந்தர வைப்பாக நேரடியாகச் செலுத்த வேண்டும். 18 வயது நிறைவடைந்த பின்னரே அது குழந்தைக்குக் கிடைக்கும். அமெரிக்காவில் குழந்தை நட்சத்திரம் ஜாக்கி கூகன் வளர்ந்து ஆளானபோது, தாம் ஈட்டிய பெருந்தொகை குடும்பத்தாரால் செலவிடப்பட்டுவிட்டதை அறிந்தார். அவரது வழக்கே 1939-இல் கலிபோர்னியாவில் குழந்தைக் கலைஞர்களின் வருமானத்தைக் காக்கும் சட்டம் உருவாகக் காரணமானது. இந்திய விதியின் நோக்கமும் அதுவே. எனினும், மீதமுள்ள 80 சதவீதம் எவ்வாறு செலவிடப்பட வேண்டும் என்பது குறித்து இவ்விதி மௌனம் காக்கிறது.

பச்சிளங்குழந்தைகளுக்குக் கூடுதல் கட்டுப்பாடு

தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வரைவு நெறிமுறைகள், 3 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளைத் தாய்ப்பால், தடுப்பூசி போன்ற விழிப்புணர்வுப் பணிகளுக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்றன. அரசின் தடுப்பூசி அட்டவணைப்படி பென்டாவேலன்ட் தடுப்பூசியின் மூன்றாம் தவணை 14-ஆவது வாரத்தில்தான் போடப்படுகிறது என்பதை நோக்கினால் இக்கட்டுப்பாட்டின் தேவை விளங்கும்.

மேலும், 2003-இல் திருத்தப்பட்ட 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தாய்ப்பாலுக்கு மாற்றான பால் பவுடர், 2 வயது வரையிலான குழந்தைகளுக்கான உணவு, பால் புட்டி ஆகியவற்றை விளம்பரப்படுத்தவே தடை உள்ளது. பால் பவுடர் மற்றும் குழந்தை உணவு டப்பாக்களில் குழந்தையின் படம் இடம்பெறவும் கூடாது. ஆகவே, இந்தியாவில் பால் பவுடர் விளம்பரத்துக்குக் குழந்தை தேவை என்று எவரேனும் கூறினால், அந்த அழைப்பே சந்தேகத்துக்குரியது.

விடை கிடைக்காத கேள்வி

குழந்தையின் விருப்பத்துக்கும் சம்மதத்துக்கும் மாறாக அதனைப் பங்கேற்கச் செய்யக் கூடாது என்கின்றன 2017-ஆம் ஆண்டு விதிகள். ஆனால் கைக்குழந்தையின் சம்மதத்தை எவ்வாறு அறிவது? நிர்வாணா இசைக்குழுவின் 1991-ஆம் ஆண்டு 'நெவர்மைண்ட்' ஆல்பத்தின் அட்டையில் 4 மாதக் குழந்தையாக இடம்பெற்றவர், 30 ஆண்டுகளுக்குப் பின் 2021-இல் அந்தப் படத்துக்கு எதிராக வழக்குத் தொடர்ந்தார். அவரது வழக்கு தள்ளுபடி செய்யப்பட்டாலும், பெற்றோர் அளித்த சம்மதம் வளர்ந்தபின் குழந்தைக்கும் ஏற்புடையதாக இருக்குமா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

பெற்றோரே படம்பிடித்துச் சமூக வலைதளத்தில் வெளியிட்டுப் பணம் ஈட்டும்போது இக்கேள்வி மேலும் கூர்மையாகிறது. பிரான்ஸ் 2020-இலும், அமெரிக்காவின் இல்லினாய் மாகாணம் 2023-இலும் இத்தகைய வருமானத்தில் குழந்தையின் பங்கைக் காக்கச் சட்டம் கொண்டுவந்தன. இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

வாய்ப்பு தருபவர் ஊதியம் அளிப்பவராக இருக்க வேண்டுமே தவிர, பதிவுக் கட்டணம், ஆல்பம் கட்டணம் என முன்பணம் கேட்பவராக இருக்கக் கூடாது. ஆட்சியரின் அனுமதி ஆணை, படம் எங்கே எத்தனை காலம் பயன்படுத்தப்படும் என்பதைக் குறிப்பிடும் ஒப்பந்தம், குழந்தையின் பெயரிலான வைப்புக் கணக்கு ஆகிய மூன்றும் உறுதியான பின்னரே படப்பிடிப்புக்குச் செல்ல வேண்டும். பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணிலும், குழந்தையின் பாதுகாப்புக்குப் பாதிப்பு நேர்ந்தால் 1098 என்ற எண்ணிலும் புகார் அளிக்கலாம். தன் சார்பில் பேச இயலாத வயதில் உள்ள குழந்தைக்கு, பெற்றோர் கேட்கும் இந்தக் கேள்விகளே முதல் பாதுகாப்பு.